கொல்லையில் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் சர்வலோக ரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நாம் பிழைக்க வந்து, பிள்ளை குட்டிகளோடு வேரூன்றிவிட்ட இந்த ஊரின் பெயரை நம் ரசீதுப் புத்தகங்களின் தலைப்பில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். அதன் பொருள் யாது என்று எத்தனை பேர் சிந்தித்திருப்போம்? ‘ஸ்டார்’ என்றால் நட்சத்திரம் என்று எண்ணுகிற பிள்ளைகள் நம் வீடுகளிலேயே உண்டு. அப்படியன்று. மலாய் மொழியில் ‘அலோர்’ என்பது நீரோடை. ‘ஸ்தார்’ என்பது மா இனத்தைச் சேர்ந்த ஒரு பழமரம். குண்டாங் என்றும் அதைச் சொல்வார்கள். 1735ம் ஆண்டு சுல்தான் முஹம்மது ஜீவா அவர்கள் நிறுவிய இந்நகருக்கு ஓர் ஓடையும் ஒரு மரமுமே பெயராக அமைந்தன. தண்ணீரும் மரமும் சேர்ந்ததுதான் நம் ஊர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமும் அவ்விரண்டையும் பற்றியதே.

“இதென்ன, மார்க்கப் பிரசங்கத்திலே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கதை?” என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, மிருகமோ, பறவையோ எதைத் தின்றாலும் அது அவனுக்கு ஸதகாவாக எழுதப்படும் என்ற கருத்துப்பட நம் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. முஸ்லிம் கிரந்தத்தின் ஓர் அறிவிப்பிலே, அதிலிருந்து திருடப்படுவதும் ஸதகாவே என்று காணப்படுகிறது. வியாபாரிகளே, இதைச் சற்றுக் கவனியுங்கள்! கடையில் களவு போனால் அது நஷ்டக் கணக்கு. மரத்தில் களவு போனாலோ அதுவும் வரவுக் கணக்கு! நஷ்டம் என்ற பத்தியே இல்லாத பேரேடு வேறெங்கே உண்டு?

ஆனால் அந்தப் பேரேட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மரம் உயிரோடு இருக்க வேண்டும். இதை நான் கிதாபு ஓதி மட்டும் அறிந்துகொள்ளவில்லை. என் சொந்தத் தவற்றினாலும் அறிந்துகொண்டேன்.

என் அத்தா சிப்பந்தியாக இவ்வூருக்கு வந்து, பிறகு சொந்தத்தில் மளிகைக் கடை வைத்தவர். ஒரு சிறு வீடு வாங்கியதும் முதல் வேலையாகக் கொல்லையில் ஒரு மாங்கன்று நட்டார். கடையை அடைத்து, இஷா தொழுதுவிட்டு வந்து, எவ்வளவு களைப்பானாலும் அதன் முறை நாளில் அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் படுக்கமாட்டார். மரம் பெரிதாகிக் காய்த்தது. முதற் கூடை அடுத்த வீட்டு மலாய் மூதாட்டிக்கு. இரண்டாவது கூடை பள்ளிவாசலுக்கு. உச்சிக் கிளைப் பழங்கள் பறவைகளுக்கு. அத்தா மவுத்தான பிறகும் மரம் தன் வழக்கத்தை மாற்றவில்லை.

மாற்றியவன் நான். சரக்கு வேன் நிறுத்த இடம் வேண்டும் என்று கொல்லை முழுவதும் சிமெண்டு போட்டேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டுமே மண் விட்டேன். கோடை வந்ததும் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தினமும் மாலையில் ரப்பர் குழாயைப் பிடித்து அடிமரத்தில் இரண்டு நிமிஷம் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, கடமை முடிந்தது என்று திருப்திப்பட்டேன். மூன்றாவது கோடையில் மரம் பட்டுப்போயிற்று. வெட்டுகிற அன்று அந்த மூதாட்டி வேலியோரம் வந்து நின்றார். மாம்பழத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. “இத்தனை வருஷமாக இந்த மரத்தின் பஹலா உன் தகப்பனாரின் கபுருக்குப் போய்க்கொண்டிருந்தது. இனி?” என்று மட்டும் கேட்டார். பஹலா என்றால் நன்மை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மனிதன் மரித்தால் அவனுடைய அமல்கள் முடிந்துவிடும், மூன்றைத் தவிர. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை என்பதை நாம் ஜனாஸா வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நல்ல பிள்ளை என்றால் யாஸீன் ஓதுகிறவன் மட்டும்தானா? தகப்பன் விட்டுப்போன தர்மத்தைக் காய்ந்துபோகாமல் காக்கிறவனும் அல்லவா? கத்தம் ஓத ஆள் அழைத்த நான், அத்தாவின் ஸதகாவைச் சிமெண்டினால் மூடிவிட்டேன்.

சகோதரர்களே, நட்டுவிடுவது எளிது. உயிர்ப்பித்துக் காப்பதே அமல். ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து மீளுவதற்குத் தம் எஜமானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை நினைவுகூருங்கள். 300 பேரீச்சங்கன்றுகள் நட்டு அவை உயிர்பிடிக்கச் செய்ய வேண்டும். அத்துடன் 40 ஊக்கியா பொன்னும் தர வேண்டும். தோழர்கள் தத்தம் சக்திக்கேற்பக் கன்றுகள் கொண்டுவந்தனர். ஸல்மான் குழிகள் வெட்டினார். நாயகம் (ஸல்) அவர்களே தம் முபாரக்கான கரங்களால் அவற்றை நட்டார்கள். ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை. ஒரு மனிதனின் விடுதலையே மரங்கள் உயிரோடு நிற்பதில் தொங்கியது என்றால், அதை அற்ப விஷயம் என்று யார் சொல்ல முடியும்?

இனி நம் ஊரின் கோடைக்கு வருவோம். ஆண்டுக் கடைசியில் வாடைக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளத்தைக் கொட்டுகிறது. நடுவிலே நிற்கும் திதிவாங்சா மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால், கெடாவுக்கும் பெர்லிஸுக்கும் காய்ந்த காற்றே மிச்சம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வயல் வெடிக்கிறது. இந்நாட்டில் பதிவான உச்ச வெப்பமாகிய 40.1 டிகிரி, நமக்கு அண்டையிலுள்ள பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ந் தேதி பதிவாயிற்று. 2016 ஏப்ரலில் வெயிலின் கொடுமையால் கெடாவிலும் பெர்லிஸிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மூடா, பெடு அணைகளின் தண்ணீர் 1970ம் ஆண்டு முதல் வயலுக்கு வருகிறது. நம் கொல்லைக்கு வருவதில்லை. கொல்லை மரத்துக்கு நாமே ஓடை.

எப்படி ஊற்றுவது? நான் செய்த முதல் தவறு, தினமும் கொஞ்சம் தெளித்தது. அது மேல் மண்ணை நனைத்து, மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. வேர்களும் அந்த ஈரத்தை நாடி மேலே வந்து வெந்துபோகின்றன. சுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்சாரித் தோழருக்கும் பேரீச்சந் தோட்டத்துக்குப் பாயும் வாய்க்கால் பற்றி வழக்கு வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த இறுதித் தீர்ப்பு என்ன? தண்ணீர் வரப்பின் அடியைத் தொடுமட்டும் தேக்கிப் பாய்ச்சிவிட்டுப் பிறகு அண்டைவீட்டாருக்குத் திறந்துவிடு என்பதே. அது கணுக்காலளவு என்று பின்வந்தோர் மதிப்பிட்டனர். மரத்தின் ஹக்கு, ஆழ நனைவது. அண்டைவீட்டாரின் ஹக்கு, அதற்குமேல் தேக்காமல் விடுவது. இரண்டும் ஒரே தீர்ப்பில் அடங்கியிருக்கின்றன.

ஆகவே வளர்ந்த மரத்துக்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை அடி ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். நட்டு இரண்டு வருஷம் ஆகாத கன்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒன்றிரண்டு வாளி. நம் சமவெளி களிமண். அவசரமாகக் கொட்டினால் குடிக்காது, வழிந்தோடும். வாளியின் அடியில் ஆணியால் ஒரு துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, மரத்தடியில் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ளமட்டும் எளிதாக இறங்கும். காய்ந்த இடத்தில் நின்றுவிடும். அந்தக் கம்பி பொய் சொல்லாது.

இரண்டாவது தவறு, அடிமரத்தில் ஊற்றியது. குடிக்கிற வேர்கள் அங்கே இல்லை. உச்சி வெயிலில் கிளைகளின் நிழல் எங்கே முடிகிறதோ, அந்த வட்டத்தையொட்டியே அவை பரவியிருக்கின்றன. அங்கே ஊற்ற வேண்டும். மூன்றாவது தவறு சிமெண்டு. வேருக்குக் காற்றும் வேண்டும், மழையும் வேண்டும். உங்கள் கொல்லையில் சிமெண்டு இருந்தால் மரத்தைச் சுற்றியாவது உடைத்துவிடுங்கள். வேன் தெருவில் நிற்கட்டும்.

ஊற்றிய தண்ணீரை வெயில் திருடாதபடி மண்ணைப் போர்த்துவதும் அவசியம். நெல் விளையும் கெடாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலோ, காய்ந்த இலையோ, தேங்காய் மட்டையோ மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி மரத்தடியிலேயே கொளுத்துகிற பழக்கத்தை விட்டொழியுங்கள். அது மரம் தனக்குத் தானே நெய்துகொண்ட போர்வை.

கோடையின் நடுவில் உரம் வைக்காதீர்கள். காய்ந்த மண்ணில் உரத்தின் உப்பு வேரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிவிடும். மழை திரும்பட்டும், அப்போது மக்கிய ஆட்டெரு வையுங்கள். கிளைகளையும் வெயிலில் கழிக்காதீர்கள். நிழல் போனால் பட்டை வெந்துபோகும். மாமரத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. வளர்ந்த மா பூப்பதற்கு முன் சில வாரம் காய்ந்திருக்க வேண்டும். பெர்லிஸின் ஹாருமானிஸ் மாம்பழம் பேர் பெற்றது இந்த வறட்சியினால்தான். பிஞ்சு பட்டாணியளவு ஆனதும் தண்ணீரைத் தொடங்குங்கள். பஞ்சத்திலும் ஒரு பரக்கத்தை வைத்தவன் நம் ரப்பு!

சாப்பாட்டுக்கடை சகோதரர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. கொதிக்கிற கஞ்சியையும், உப்புத் தண்ணீரையும், பொரித்த எண்ணெயையும் பின்சந்து மரத்தின் வேரிலே கொட்டாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள், அதற்குப் போதும். விளம்பரப் பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்டாதீர்கள். வாளியிலும் தொட்டித் தட்டிலும் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். மரத்துக்கு நன்மை செய்யப்போய் அண்டைவீட்டுப் பிள்ளைக்கு டெங்குக் கொசுவை வளர்த்தவர்கள் ஆகிவிடக்கூடாது.

“குடிக்கவே தண்ணீர் கெடுபிடி, மரத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். அது ஒரு லிட்டர்கூட ஆகாது. ஓடும் ஆற்றங்கரையிலே ஒளுச் செய்தாலும் வீண்விரயம் ஆகாது என்று எச்சரித்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு, தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் ஓடவிடுகிறோம். ஒளுச் செய்கிற இடத்தில் ஒரு பேஸினை வையுங்கள். வீட்டில் ஐவர் ஐந்து வக்து ஒளுச் செய்தால் ஒரு நாளில் எத்தனை வாளி சேருகிறது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஒளுவில் உபயோகித்த தண்ணீரால் மறுபடி ஒளு கூடாதே தவிர, மரத்துக்கு ஊற்றத் தடையில்லை. நம் முகத்தையும் கைகளையும் கழுவிய நீர் சாக்கடைக்குப் போகாமல், நாளை பறவைக்குக் கனியாகட்டுமே!

ஷரீஅத்து இந்த உழைப்பை அளந்தும் வைத்திருக்கிறது. மழையால் விளைந்த தானியத்துக்கும் பேரீச்சைக்கும் 10ல் 1 பங்கு ஜகாத். நீர் இறைத்து விளைவித்ததற்கு 20ல் 1 பங்குதான். வாளி சுமந்தவனின் வியர்வையை மதிப்பிட்டுப் பாதியைத் தள்ளிவிட்ட மார்க்கம் நம்முடையது.

2024லும் 2025லும் ரமளான் பிறை மார்ச் மாதத்திலேயே பிறந்தது. நாவறண்டு நோன்பிருந்த மாலைகளில் நம் கண்கள் கடிகாரத்தின் மீதே இருந்தன. நமக்கு மக்ரிபு பாங்கு உண்டு. கஞ்சிக் கோப்பை உண்டு. கொல்லையில் நிற்கிற மரமும் அதே வெயிலில் நின்றது. நம் கைதான் அதற்கு மக்ரிபு. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவனின் பாவத்தை மன்னித்த ரப்பு, வாய்திறந்து கேட்கத் தெரியாத மரத்துக்கு ஊற்றிய தண்ணீரை வீணாக்குவானா? ஸூரத்துல் முல்கின் கடைசி ஆயத்திலே, உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போனால் ஊற்று நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்ற கருத்தில் அவன் நம்மைக் கேட்கிறான். இரவுதோறும் அதை ஓதிவிட்டுப் படுக்கிறோம். ஓதுமுன் கொல்லைப்புறம் ஒருமுறை போய்வருவோம்.

அத்தாவின் மரம் நின்ற இடத்தில் இப்போது சிமெண்டு இல்லை. சென்ற மழையில் அங்கே ஒரு கன்று வைத்தேன், மாவன்று, ஸ்தார். அது காய்க்கும்போது நான் இருப்பேனா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். கியாமத்து வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடு என்பதல்லவா நம் நாயகத்தின் போதனை? அந்த மூதாட்டி வேலியோரம் வந்து அதைப் பார்த்தார். தம் வீட்டு வைக்கோலில் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

யா அல்லாஹ்! எங்கள் தாய் தந்தையர் விட்டுச்சென்ற ஸதகாக்களைக் காக்கும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் அலட்சியத்தால் காய்ந்துபோனவற்றுக்காக எங்களை மன்னிப்பாயாக! இவ்வூருக்கு அதன் மழையையும், எங்கள் கைகளுக்கு ஈரத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.