விடுமுறை யாருக்குச் சொந்தம்?

நமது தஞ்சோங் ரம்புத்தானில் கோடை என்று தனியே ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் கோடைதான். ஆயினும் பள்ளியாண்டு முடிந்ததும் வரும் நீண்ட விடுமுறை உண்டு. அது தொடங்கிவிட்டால் நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்கக் காணலாம். "சும்மா ஊர் சுற்றுவதற்குக் கடையிலாவது இருக்கட்டுமே, தொழிலும் பழகுவான்" என்பார் தகப்பனார். என் அத்தாவும் இதையே சொன்னார்கள். என் மகன் விஷயத்தில் நானும் இதையே சொன்னவன்தான். அது சரிதானா என்பதே கேள்வி.

நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறக்கிறார்கள் என்பது ஆசிரியர்களின் வெறும் புலம்பலன்று. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்ட முடிவின்படி, கோடை விடுமுறை கழிந்து திரும்பிய பிள்ளைகள் சராசரி ஒரு மாதப் படிப்பை இழந்திருந்தார்கள். (இந்த அளவு மிகை என்று பின்னர் ஐயுற்றவர்களும் உண்டு.) வாசிப்பைவிடக் கணக்கிலேயே நஷ்டம் அதிகம்.

கணக்கு என்றதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "அப்படியானால் கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?" என்பார்கள். வாதம் நியாயமானதே. ஆனால் பிரேசில் தேசத்து ரெசீஃபே நகரில் நடந்த ஒரு சோதனையை அவர்கள் கேட்க வேண்டும். தெருவில் தேங்காய் முதலியன விற்ற 5 பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளரைப்போல் நின்று விலை கேட்டார்கள். விடைகளில் 98 விழுக்காடு சரி! அதே மாதிரிக் கணக்குகளைப் பின்னர் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாயிற்று. இது 1985-ல் வெளிவந்த ஆய்வு. கடை புத்தியைத் தீட்டுகிறது. ஆனால் தீட்டிய புத்தி கடை வாசலைத் தாண்டுவதில்லை. தாண்ட வைக்க ஒருவர் வேண்டும். அவர் தகப்பனார்தாம்.

எப்படி? ஓர் உதாரணம். 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. 12 ரிங்கிட் 42 சென் என்றால் 40. 43 சென் என்றால் 45. பையனை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: ஒன்று முதல் ஒன்பது வரை எந்த எண்ணில் கடைக்கு லாபம், எந்த எண்ணில் வாங்குபவருக்கு லாபம்? இரண்டும் சமமாக வருவதை அவனே கண்டுபிடிப்பான். பிறகு கேளுங்கள்: ஒற்றைப் பொருள் வாங்குவோர் மிகுதி என்று தெரிந்து, ஒரு வியாபாரி விலைகளையெல்லாம் 3-லும் 8-லும் முடித்தால், சட்டம் தடுக்காவிட்டாலும் அது நேர்மையா? கணக்கும் வந்தது, நாணயமும் வந்தது. அரைமணி நேர வேலை.

அந்த அரைமணி நேரத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. பையன் அலமாரியைத் துடைக்கிறான், பெட்டி தூக்குகிறான், இரவு கதவடைக்கும் வரை நிற்கிறான். குடும்பத் தொழிலில் சக்திக்கேற்ற இலேசான வேலை தர 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் இரவு எட்டுக்குமேல் சிறுவர் வேலை செய்யலாகாது, தொடர்ந்து மூன்று மணி நேரம் செய்தால் அரைமணி ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. இதை எத்தனை கடையில் நினைக்கிறோம்?

சட்டத்தை விடுங்கள். பிறர் முதலைக் கையில் வாங்கி வியாபாரம் செய்பவர் அதைத் தம் செலவுக்கு எடுத்தால் நாம் என்ன சொல்வோம்? அமானிதத்தில் மோசடி என்போம். பிள்ளையின் விடுமுறை பிள்ளையின் முதல். அவன் சிறியவன் என்பதால் நம் கையில் இருக்கிறது, அவ்வளவே. ஒரு கூலியாளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க அதைச் செலவழித்துவிட்டுத் "தொழில் பழக்கினேன்" என்று கணக்கெழுதுவது எந்தப் பேரேட்டில் செல்லும்?

அதற்காக நாளெல்லாம் டியூஷனில் அடைப்பதும் அதே தவறுதான். விளையாட்டும் அவனுக்குரிய பங்கு. காலையில் இரண்டு மணி நேரம் கடை, அரைமணி நேரம் நோட்டு, வாரம் ஒருமுறை ஈப்போவிலுள்ள துன் ரசாக் நூலகம் என்று வைத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. பால்டிமோர் நகரில் 1982-ல் தொடங்கிய ஆய்வொன்று பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்தது. பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் முன்னேறினார்கள்; விடுமுறையில்தான் ஏழைகள் பின்தங்கினார்கள். நம் மகனுக்கு நோட்டு வாங்கும்போது, கடைப் பணியாளரின் மகளுக்கும் ஒன்று வாங்கி, அவளையும் அதே மேசையில் உட்கார வைக்கலாமே. இவ்வாண்டு நான் அப்படிச் செய்தேன். 43 சென் கணக்கை முதலில் போட்டவள் அவள்தான்.