உலகம் யாரால் நிலைபெறுகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் வித்துரா. அங்கிருந்து போணக்காடு சென்று காட்டுவழியே ஏறினால், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தை அடையலாம். சிவபெருமானின் திருமணத்தைக் காண எல்லோரும் இமயத்தில் திரண்டபோது வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது. இறைவனின் ஆணையை ஏற்று அகத்தியர் பொதிகைக்கு வந்ததும் பூமி சமநிலை பெற்றது என்கிறது புராணம். உலகைச் சமன்செய்தவர் அந்தத் திருமணக் கூட்டத்தில் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

யூதர்களின் மரபிலும் இதையொத்த கருத்து உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் இறைவனின் திருமுன்னிலையைத் தரிசிக்கும் நீதிமான்கள் 36 பேருக்குக் குறையாமல் இருப்பர் என்று அபாயே என்ற அறிஞர் கூறியதாகப் பாபிலோனியத் தல்மூத் குறிப்பிடுகிறது. அவர்களாலேயே உலகம் நிலைத்திருக்கிறது என்ற நம்பிக்கை பின்னர் வளர்ந்தது. பிற்கால ஹசிதியக் கதைகளில் அவர்கள் செருப்புத் தைப்பவராகவும் தண்ணீர் சுமப்பவராகவும் மறைந்து வாழ்கின்றனர். தம் பெருமையைத் தாமே அறியாதவர்களும் அவர்களுள் உண்டு.

தமிழருக்கும் இது புதிதன்று. தன்னலம் கருதாது பிறருக்காக உழைப்போர் இருப்பதாலேயே உலகம் இருக்கிறது என்று புறநானூற்றில் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நற்செயல் வெளியே தெரிந்தால்தானே பிறர் அதைப் பின்பற்ற முடியும்? மறைந்திருப்பதே அறமாகுமா?

இதற்கு விடையும் வித்துராப் பகுதியிலேயே கிடைக்கிறது. அங்குள்ள கல்லாறு வனத்தில் வாழ்ந்து மூலிகை மருத்துவம் செய்துவந்த காணிப் பழங்குடிப் பெண்மணி லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நஞ்சு தீண்டியவர்கள் அவரது குடிலைத் தேடி வந்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே. நல்லவரைப் போற்றுவது நாட்டின் கடமை. ஆனால் அந்தப் போற்றுதலுக்காக அவரது தொண்டு காத்திருக்கவில்லை. ஆகவே மறைய வேண்டியது செயலன்று, 'நான் செய்தேன்' என்ற எண்ணமே.

மனிதருள் மிகப் பெரியோர் உலகம் அறியாமலேயே மறைந்தனர், நாம் அறிந்த மகான்கள் அவர்களுக்கு அடுத்த நிலையினரே என்பது சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவில் கூறிய கருத்து.

இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால் எவரையும் இகழ இயலாது. நம் வாசலில் வந்து நிற்கும் எளியவர் உலகைத் தாங்குவோருள் ஒருவராக இருக்கக்கூடும். 'அவர்களுள் நானும் ஒருவனோ?' என்று எண்ணத் தொடங்குபவனோ, அந்தக் கணமே அந்த வரிசையிலிருந்து விலகிவிடுகிறான்.