பரிசோதனைக்குப் பயப்படுவது விசுவாசமா?



ஜெபக்கூட்டம் முடிந்ததும் விசுவாசிகள் என்னிடம் தனியாக வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்டர், வயித்துக்குள்ள டியூப் விட்டுப் பார்க்கணும்னு டாக்டர் சொல்றாரு. நான் ஜெபிச்சுட்டேன். இப்ப போனா அது அவிசுவாசம் ஆயிடாதா?" சிலர் ஆசா ராஜாவையும் காட்டுவார்கள்.

ஆசா செய்த குற்றம் வைத்தியரிடம் போனது அல்ல, கர்த்தரைத் தேடாமல் விட்டது. எசேக்கியா ராஜாவோ அழுது ஜெபித்தான்; 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில் அவன் பிளவைமேல் அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதானே! இயேசுவும் தாம் சுகமாக்கின குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். லேவியராகமம் 13-ன்படி தோலைப் பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்கிறவன் ஆசாரியன். மெய்யான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது!

அப்படியானால் நம்மைத் தடுப்பது எது? அநேக நேரங்களில், ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்கிற பயம். பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்தால் அது விசுவாசம் ஆகிவிடுமா?

தேவ பிள்ளையே, சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சில் அடைக்கிறதா? கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோகிறதா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? மலம் தார் போலக் கறுப்பாகவோ இரத்தத்தோடோ போகிறதா? மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருக்கிறதா? வலியில்லாமல் கண் மஞ்சளாகிறதா? இதெல்லாம் புற்றுநோய்தான் என்று சொல்லவில்லை. அல்சராகவோ மூலமாகவோ இருக்கலாம். ஆனால் "கேஸ்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லி, மாதக்கணக்கில் சோடா குடிப்பது ஞானமல்ல. எண்டோஸ்கோபியில் பார்த்து, சந்தேகமான இடத்தில் துணுக்கு எடுத்து, பயாப்ஸி செய்தால்தான் உறுதியாகத் தெரியும். பரவியிருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும்.

இதில் காலம் பெரிய காரியம். பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பல வருஷம் கழித்தே புற்றாகிறது. கொலனோஸ்கோபியில் அதை எடுத்துவிட்டால் வழியிலேயே நின்றுபோகும். பரவுமுன் கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்கின்படி, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் 5 வருஷத்தைத் தாண்டுகிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவினபின் பத்தில் இரண்டு பேர்கூடத் தாண்டுவதில்லை. வயிற்றுப் புற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-ல் அறிவித்தது. அந்தக் கிருமியை மாத்திரைகளாலேயே ஒழிக்கலாம். காத்திருப்பதினால் நாம் இழப்பது எவ்வளவு பாருங்கள்!

நோய் முற்றினபின் தெரியவந்தால்? அப்போதும் அடைத்த உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைத்து விழுங்கச் செய்யலாம். மார்பின் வலியைத் தணிக்கும். அந்தப் படுக்கையருகே நின்று, "உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்று மட்டும் சொல்லாதிருங்கள். யோபுவின் சிநேகிதர் செய்த வேலை அது. ஆபரேஷன் வேண்டாம், கீமோதெரபியை நிறுத்து என்று சொல்ல எந்த ஊழியக்காரனுக்கும் அதிகாரமில்லை. சொன்னவன் அந்த உயிருக்காக தேவனிடத்தில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

ஆகவே பிரியமானவர்களே, அறிகுறி இருந்தால் இந்த வாரமே போங்கள். தனியாகப் போகப் பயமா? சபையில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள், ரிப்போர்ட் எதுவானாலும் கொண்டுவாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். கர்த்தர் உங்களைப் பெலப்படுத்துவாராக! ஆமென்.