படிப்பைத் தேர்வது யார்?

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம்மிடம் ஆலோசனை நாடி வருவோர் பலர். தந்தையர் பேசுவர், பிள்ளைகள் தலைகவிழ்ந்து நிற்பர். எந்தப் படிப்புக்கு ஊதியம் அதிகம் என்பதே கேள்வி. கல்வியை வயிற்றுக்காகக் கேட்பதா என்று நாம் கடிந்துரைத்ததுண்டு. அது முறைதானா என்ற ஐயம் இப்போது நமக்கே எழுந்துள்ளது.

கி.பி. 1058-இல் தூஸ் நகரில் பிறந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தந்தையார், மறையுமுன் தம் இரு புதல்வரையும் சிறு தொகையையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்தது, நண்பரோ ஏழை. உணவு கிடைக்கும் மதரஸாவில் சேருங்கள் என்றார், சேர்ந்தனர். அல்லாஹ்வுக்கன்றி வேறொன்றுக்காகக் கல்வியை நாடினோம், கல்விதான் அதற்கு இணங்க மறுத்துவிட்டது என்ற கருத்தில் இமாம் பின்னாளில் கூறியதாக ஸுப்கீ எழுதுகிறார். சோற்றுக்காக வாயிலில் நுழைவது குற்றமன்று. (நம்மில் எத்தனை பேர் மதரஸாச் சோற்றை எண்ணியே முதலில் போனோம்!)

குற்றம் வேறிடத்தில் உள்ளது. ஸர்னூஜீ தம் ‘தஃலீமுல் முதஅல்லி’மில், மாணவன் தானே பாடத்தைத் தேர்ந்துகொள்ளாமல் ஆசிரியரிடம் விடட்டும் என்கிறார். காரணம், மாணவனின் இயல்புக்கு ஏற்றது எது என்பதை ஆசிரியர் அறிவார் என்பதே. இதைப் பல்லாண்டு பாடம் நடத்தியும் காரணத்தை மறந்து, உரிமையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

சென்ற ஆண்டு ஒரு பிள்ளை வேளாண்மை படிக்க விரும்பினான். வாப்பாவோ கணினிப் பொறியியல் என்றார். ஒரு தேநீர் அருந்தும் நேரத்திற்குள், "பெற்றோர் சொல் கேள்" என்று தீர்ப்புக் கூறினோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டோமில்லை.

ஆறு மாதம் கழித்து விடுமுறையில் வந்தான். "உஸ்தாத், நான் வகுப்பில்தான் இருக்கிறேன், பாடம் வேறெங்கோ நடக்கிறது" என்றான். விடுதியில் தனியே உண்பதையும், சுபுஹுத் தொழுகைக்கு எழுப்ப ஆளில்லாததையும் சொன்னான். இரவில் இருவராய் அமர்ந்து பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் நம் மதரஸா வழக்கத்தைச் சொல்லி, ஒரு துணையைத் தேடிக்கொள்ளச் சொன்னோம். தேடிக்கொண்டான். தனிமை குறைந்தது என்று எழுதியிருந்தான். படிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த வாரம் அவன் வாப்பா தம் இளைய மகனை அழைத்து வருகிறார். அவரைத் திண்ணையில் இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை மட்டும் முதலில் உள்ளே அழைப்பதாக இருக்கிறோம்.