சுவரில் எழுதாத அடிகள்

எங்கள் பள்ளியின் வெளிச்சுவரில் கணியன் பூங்குன்றனாரின் பாட்டு, புறநானூறு 192, முதல் அடி மட்டும் நீல பெயிண்டில் எழுதியிருக்கிறது. எல்லாருக்கும் மனப்பாடமான அடி; நான் சொல்ல வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமை. திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கிற மகிபாலன்பட்டிதான் அவருடைய பூங்குன்றம் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். பாட்டு மொத்தம் 13 அடி. மற்ற 12 அடிகளும் சுவரில் இல்லாததற்கு இடம் போதவில்லை என்று காரணம் சொல்லலாம். எனக்கென்னவோ வேறு சந்தேகம். கடைசி இரண்டு அடிகளையும் எழுதிவிட்டால், திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் என்ன செய்வது?

அந்த அடிகள் சொல்வது இதுதான்: பெருமை பெற்றவர்களைப் பார்த்து நாங்கள் வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் என் பொறுப்பு. நான் அந்தப் பள்ளியின் தமிழம்மா. கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி வாசிப்பு எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு சாதனையாளர் பட்டியல். அதை நான்தான் மைக்கில் வாசிக்க வேண்டும். போன ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம், பி.இ.டி. சார் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். குறுவட்டப் போட்டியில் பத்தாம் வகுப்புப் பெண் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம். குண்டு எறிதலில் ஒரு பையன் இரண்டாமிடம். சதுரங்கத்தில் இன்னொருத்தி மூன்றாமிடம். கூடவே, தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறி மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர். பெயர் வாசிக்க வாசிக்க முன்னால் வந்து நின்றார்கள். நானே "பலமா கைதட்டுங்க" என்றேன். மைதானமே அதிர்ந்தது.

4×100 தொடர் ஓட்டம் பட்டியலில் இல்லை. எங்கள் பையன்கள் முன்னணியில் ஓடிவந்து மூன்றாவது கைமாற்றத்தில் பேட்டனைக் கீழே விட்டுவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வகுப்புக்குப் போகிற வழியிலேயே இரண்டு பேர் கையை நீட்டி, எதையோ தவறவிடுவதுபோல நடித்துச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். கடைசி ஆளாக ஓடிய பையன் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வரவில்லை.

புதன்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை எனக்குச் சும்மா கிடைத்தது. பாட்டை முழுதாக வாசித்துப் பொருள் சொன்னேன். மழை பெய்து, கல்லில் மோதி இரைகிற பெரிய ஆற்றில் நீர் போகிற போக்கில் போகும் மிதவை. உயிரும் அப்படித்தான் முறைப்படி போகிறது. அந்த முறையை ஊழ் என்றே கொள்கிறது பழைய உரை. இதை அறிவுடையோர் வழியாகத் தெளிந்துகொண்டோம், ஆகவே வியக்க மாட்டோம், இகழ மாட்டோம் என்று முடிகிறது பாட்டு. நடுவரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"அம்மா, ரெண்டாவது அடியில நல்லதும் கெட்டதும் அடுத்தவங்களால வராதுன்னு சொல்றாரு. அப்பறம் ஆத்துல மிதக்குற மாதிரின்னும் சொல்றாரு. அப்ப ஜெயிச்சது நம்மளாலயா, தண்ணியாலயா?"

கேள்வி கேட்டு முடித்தவள் உட்காராமல் இன்னொன்றும் சேர்த்தாள். "வியக்கக் கூடாதுன்னா, திங்கக்கெழம எதுக்கும்மா கைதட்டச் சொன்னீங்க?"

இரண்டு கேள்விகளையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் ஒரு பாடவேளைக்குள் அடங்குகிற கேள்விகளும் அல்ல அவை.

முதல் கேள்வி மிகப் பழையது. வள்ளுவரே இதற்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார். 38ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது. 62ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளோ, சோர்வில்லாமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே புறமுதுகு காட்டி ஓடச் செய்வார்கள் என்கிறது. பேச்சுப் போட்டிக்கு வருகிற பிள்ளைகள் 62ஐ மட்டும்தான் தொடுவார்கள். 38 பக்கம் யாரும் போவதில்லை. எழுதிக் கொடுக்கிற ஆசிரியர்களும்தான். எல்லாருக்கும் பிடித்த 619ஆம் குறளைக்கூட நாம் அவசரமாகப் படிக்கிறோம் என்று தோன்றுகிறது. தெய்வமே முடியாது என்று விட்டாலும் முயற்சி, உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்பதுதான் அதில் உள்ள வாக்குறுதி. முதலிடம் தரும் என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. ஒரு ஓட்டத்தில் எட்டுப் பேர் ஓடினால் எட்டுப் பேருக்கும் கூலி உண்டு. பதக்கம் மூன்றுதான்.

ஊழை முழுக்க ஏற்றுக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் ஆசீவக வாதியும் தன் கொள்கையை எடுத்துச் சொல்கிறான். பூங்குன்றனாரின் பாட்டில் ஆசீவகத்தின் சாயலைக் காண்கிற அறிஞர்களும் உண்டு. எல்லாம் ஏற்கெனவே விதித்தபடிதான் நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஆசீவகம். அதை என்னால் ஏற்க முடியாது. ஏற்றுக்கொண்டால் மறுநாள் வகுப்புக்குள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு நுழைய முடியாது. ஆனால் ஊழே இல்லை என்கிற எதிர்க்கட்சியையும் அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஏற்க முடியவில்லை. வியாழக்கிழமை பள்ளி அளவிலான கலைத் திருவிழா நடந்தது. நாதஸ்வரம் வாசித்த எட்டாம் வகுப்புப் பையன் முதலிடம். வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, அப்படி வாசித்தான். அவன் அப்பாவும் தாத்தாவும் கோயிலில் வாசிப்பவர்கள். பேச்சில் வென்றவளின் அம்மா ஆசிரியை. ஓவியத்தில் நல்ல கை உள்ள இன்னொருவன் வாட்டர் கலர் பெட்டி இல்லாமல் பென்சிலிலேயே வரைந்து கொடுத்துவிட்டுப் போனான். உழைக்காதவர்கள் என்று இவர்களில் ஒருவரையும் சொல்ல மாட்டேன். உழைத்ததெல்லாம் ஒரே ஆற்றில் என்றும் சொல்ல மாட்டேன்.

இதை அரசாங்கமும் ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2017ல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2020ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மதிப்பெண் ஒருவருடைய மூளையிலிருந்து மட்டும் வருவதில்லை, அவர் உட்கார்ந்து படித்த இடத்திலிருந்தும் வருகிறது என்பதைச் சட்டமே சொன்ன மாதிரி. ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ரேங்க் போன பிறகும் பெரிய முகங்களோடு ஃபிளக்ஸ் வைப்பது நிற்கவில்லை. எங்கள் மாவட்டமே 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் 98.31 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலாவதாக வந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன், இனிப்பும் சாப்பிட்டேன். மீதி 1.69 சதவீதத்துக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும்? எல்லாரும் தேறிய மாவட்டத்தில் தேறாமல் போவது, பாதிப் பேர் தவறுகிற ஊரில் தவறுவதைவிடக் கொடுமை.

இரண்டாவது கேள்வி, கைதட்டல். இதில் நான் பூங்குன்றனாரோடு கொஞ்சம் சண்டை போடுகிறேன். அவர் எந்த இடத்திலிருந்து அதைச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். புறநானூறு பெரும்பாலும் புகழ்ச்சி. மன்னனையும் வள்ளலையும் பாடி, பரிசில் வாங்கி, அதில் குடும்பம் நடத்திய புலவர்களின் உலகம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர், யார் பெயரையும் சொல்லாமல், யாரிடமும் எதையும் கேட்காமல், பெரியவர்களை நாங்கள் வியப்பதில்லை என்கிறார். எத்தனை துணிச்சல்! அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருப்பது இரண்டே பாட்டு, இதுவும் நற்றிணை 226ம். ஆனால் அவர் வியக்க மறுத்தது யானை மேல் போகிறவர்களை. ஏற்கெனவே ஊரே வியந்துகொண்டிருக்கிறவர்களை. என் முன்னால் நிற்கிறவள் அப்படியில்லை. வீட்டில் அவள் ஓடுவதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான், "எத்தன மணிக்கு வருவே?" என்பது. அவளைப் பார்த்துப் பள்ளிக்கூடமும் வியக்காவிட்டால் வேறு யார் வியப்பார்கள்? புலவர் மறுத்தது முகஸ்துதியை. பிள்ளையைப் பாராட்டுவது முகஸ்துதி ஆகாது.

அவர் இரண்டு தவறுகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதும் முக்கியம். வியப்பது கூடாது, இகழ்வது அதைவிடக் கூடாது. ஒன்றை மன்னித்துவிடலாம், மற்றதை முடியாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கைதட்டல் எங்கே நின்று இகழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்பதுதான் பள்ளிக்கூடத்தில் பிடிபடாத இடம். நாங்கள் மைக்கில் யாரையும் இகழவில்லை. திட்டவில்லை. ஆனாலும் முன்னால் ஐந்து பேர் நின்றபோது, நிற்காத ஒருவன் எல்லார் கண்ணிலும் பட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா வந்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார். "டீச்சர், இவன் பள்ளிக்கூடம் வரமாட்டேங்குறான். நாலு பேரு சிரிச்சாங்களாம். ஓடப் போனது குத்தமா?" பி.இ.டி. சாரைக் கூப்பிட்டேன். அவர் அந்த அம்மாவை மைதானத்துக்கே அழைத்துப்போய், பேட்டனைக் கையில் கொடுத்து விளக்கினார். நானும் கூடப் போனேன். முப்பது வருஷம் அந்த மைதானத்தைத் தாண்டிப் போயிருந்தும் எனக்கு இது தெரியாது. கைமாற்றுவதற்கு 30 மீட்டர் எல்லை. வாங்குகிறவன் நின்று வாங்குவதில்லை. வருகிறவன் தரையில் போட்ட ஓர் அடையாளத்தைத் தாண்டியதும் இவன் ஓடத் தொடங்கிவிடுவான். பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. கையை மட்டும் பின்னால் நீட்டுவான். வருகிறவன் குரல் கொடுத்து, அந்தக் கையில் குச்சியை வைப்பான். ஒரு கணம் இரண்டு கைகளும் அதைப் பிடித்திருக்கும்.

"அன்னைக்கு அந்த நேரத்துலதாம்மா விழுந்துச்சு. கொடுத்தவன் சீக்கிரம் விட்டானா, வாங்குனவன் லேட்டாப் புடிச்சானான்னு பக்கத்துல நின்ன எனக்கே தெரியல. யாராலயும் சொல்ல முடியாது. கடைசி ஆளு கையிலேர்ந்து விழுந்த மாதிரிதான் பாக்குறவங்களுக்குத் தெரியும்."

எந்த உரையாசிரியரும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு இவ்வளவு நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். தவறு ஒருவனுடையது என்று நாம் பார்த்த இடத்தில் இரண்டு கைகள் இருந்திருக்கின்றன. வென்றிருந்தாலும் கணக்கு அதேதான். கடைசியில் கோட்டைத் தொட்டவனைத் தோளில் தூக்கியிருப்போம், மற்ற மூவரும் பின்னால் நடந்து வந்திருப்பார்கள். முயற்சி உண்மை. அவன் ஓடாமல் இருந்தால் எதுவுமே நடந்திருக்காது. ஆனால் பலன் என்பது ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாத இடத்திலிருந்து அவன் கைக்கு வருகிறது. ஊழ் என்று நான் இப்போது சொல்வது இதைத்தான். தலையில் எழுதிய எழுத்தை அல்ல.

அன்று மாலையே ஆகஸ்ட் 15க்கான பரிசுப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. தொடர் ஓட்டக்காரர்கள் நால்வர் பெயரையும் சேர்த்து எழுதினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "டீச்சர், 'இடம்'னு ஒரு கட்டம் இருக்கே, இவங்களுக்கு என்ன எழுதுறது?" என்றார். "கலந்துகொண்டார்கள்" என்று எழுதலாம் என்றேன். "கலந்துக்கிட்டவங்க எல்லாரையும் எழுதினா பட்டியல் ரெண்டு பக்கம் போகும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எல்லாரையும் சொன்னால் 800 மீட்டர் பெண்ணுக்குக் கிடைக்கிற கைதட்டல் நீர்த்துப்போகும் என்பதும் நியாயம். அரைமணி நேரம் பேசியும் எங்களுக்குள் முடியவில்லை. கடைசியில் இரண்டு பக்கமாகவே தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார், "வாசிக்கிறது நீங்கதான்" என்கிற நிபந்தனையோடு.

800 மீட்டர் பெண்ணிடமும் பாட்டின் கடைசி அடிகளைச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "அந்தப் புலவர் எதுலயாச்சும் ஜெயிச்சிருக்காராம்மா?" என்று கேட்டாள்.

"அவர் எழுதினதைத்தான் ஈராயிரம் வருஷமா வியந்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

"அப்ப அவரே சொன்னதைக் கேக்கலையே நாம" என்று சிரித்துவிட்டு, மாவட்டப் போட்டிக்கு எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்று விசாரிக்க பி.இ.டி. சாரைத் தேடிப் போனாள்.