தலைச்சுமையும் லாரிச் சுமையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு ஏலத்துக்கு வரும் வெல்லம் பெரும்பாலும் கரும்புச் சக்கையை எரித்தே காய்ச்சப்படுகிறது. தனக்கு வேண்டிய எரிபொருளைக் கரும்பே கொண்டுவந்துவிடுகிறது. செங்கல் சூளைக்கும் சாயப்பட்டறைக்கும் கல்யாணச் சமையலுக்கும் அந்த வசதி இல்லை. கேஸ் இருக்கும் பல வீடுகளில்கூட வெந்நீர் அடுப்புக்கு விறகுதான்.

அந்த விறகுக்காகச் சேர்வராயன் மலையடிவாரக் காப்புக்காட்டில் நுழைந்து ஒரு கட்டுச் சுள்ளி பொறுக்கிவரும் கூலிக்காரப் பெண் செய்வது தவறா?

1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் அதைக் குற்றம் என்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சிறுவனப் பொருள் என ஏற்றாலும், அந்த உரிமை காட்டைச் சார்ந்தே வாழ்கிறவர்களுக்கு மட்டும். சமவெளிக் கூலிக்காரி அதில் வரமாட்டாள். ஆனால் சட்டம் முடிகிற இடத்தில் நியாயமும் முடிந்துவிடுவதில்லை.

காய்ந்த மரம் யாருக்கும் பயன்படாதது என்ற வாதமும் சரியில்லை. கறையானும் காளானும் தின்ற பிறகு விழுந்த கட்டைதான் அந்த வறண்ட மண்ணுக்கு உரமாகிறது. பட்ட மரப்பொந்தில் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. காய்ந்ததை மட்டும் எடுக்கலாம் என்று விட்டால் வேறொரு தந்திரம் முளைக்கும். பச்சை மரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால், சில மாதங்களில் மரம் நின்றபடியே காய்ந்துவிடும். பிறகு அதுவும் ‘காய்ந்த விறகு’தான். தலைக்குத் தேய்க்க அரப்பு தரும் உசிலை மரத்துக்கும் இந்தக் கதி நேரலாம். ஒருமுறை வெட்டினால் விறகு. விட்டுவைத்தால் வருடந்தோறும் அரப்பு.

ஆக, சுள்ளி பொறுக்குவதிலும் சேதம் உண்டு. ஆனால் அந்தச் சேதத்தின் பழியை யார் தலையில் ஏற்றுவது? 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்து இரும்புத் தாதை உருக்கத் தொடங்கினார். அந்த உலைகளுக்கு மரக்கரி வேண்டியிருந்தது. பின்னால் வந்த ரயிலுக்குத் தண்டவாளக் கட்டையும் எஞ்சின் விறகும் வேண்டியிருந்தன. தலைச்சுமையாகச் சுமந்த யாரும் அந்த அளவுக்குக் காட்டை அழித்ததில்லை. இன்றும் சோதனைச் சாவடியில் முதலில் மாட்டுவது தலைச்சுமைதான். தார்ப்பாய் மூடிய விறகு லாரி அல்ல.

2016-இல் ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தது. இணைப்பு கிடைத்தாலும், அடுத்த சிலிண்டருக்குக் காசு இல்லாத மாதத்தில் அந்தக் கூலிக்காரப் பெண் காட்டுக்குத்தான் போவாள். மாற்று வழி இல்லாதவரைக் குற்றவாளி என்பது அறம் ஆகாது. டன் கணக்கில் விறகு வாங்கும் பட்டறைக்காரருக்கும் சூளைக்காரருக்கும் மாற்று வழி இருக்கிறது. அது சீமைக்கருவேலம். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அது நின்று எரியும் விறகும்கூட. கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்குவது அவர்கள் கடமை.

கல்யாணத்துக்குச் சமையல் பேசுகிறவர்கள் இலைக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், அடுப்புக்கு என்ன விறகு, எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.