காண்டலும் கருதலும்

மன்னார்க் கரையிலே திருக்கேதீஸ்வர ஆலயம் அமைந்துள்ள மாந்தை மேடு, பழந்துறைமுகமாகிய மாதோட்டத்தின் எச்சமாகும். அங்கு 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் முதலியோர் நடத்திய அகழ்வாய்வு சீனத்தினதும் மேற்காசியாவினதும் மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. போர்ச் சூழலால் அப்பணி நின்றது. விரிவான அறிக்கை 2013இலேயே நூலாயிற்று. இத்தகைய நீண்ட இடைவெளிகளில், பொருளைக் கையிலெடுத்துக் காணவியலாத ஆய்வாளனுக்கு நிழற்படமே சான்றாகின்றது. அச்சான்று எத்துணை நம்பத்தக்கது என்பதே ஈண்டு எழும் வினா.

எழுத்துக் கீறிய ஓட்டுத்துண்டொன்று கண்ணாடிப் பேழையுள் இருப்பதாகக் கொள்வோம். கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் நேரே விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பும். ஆகவே ஓடும் எதிரேயுள்ள சாளரக் கம்பியும் படத்தில் ஒன்றன்மேலொன்றாகப் பதிகின்றன. கண்ணாடியின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து நின்று, முனைவாக்க வடிகட்டியினூடாகப் படமெடுப்பின் தெறித்த ஒளி பெரும்பாலும் தடுக்கப்படும். கணனியின் வழி வேறு. அதன்முன் இருப்பது கூட்டுத்தொகை மட்டுமே. பத்து என்பது ஏழும் மூன்றுமா, ஆறும் நான்குமா? கமெராவைச் சற்றே நகர்த்திப் பல படங்கள் எடுப்பின், பொருளும் தெறிப்பும் வெவ்வேறளவில் இடம்பெயர்வதைக் கொண்டு அவற்றைப் பிரிக்கலாம். ஒரே படமாயின், முன்பு கற்ற எண்ணற்ற படங்களின் பழக்கத்தால் கணனி ஊகிக்கவே செய்கின்றது.

ஊகம் பிழைக்கக்கூடும். பிராமி எழுத்தில் பக்கத்தே இழுத்த சிறுகோடொன்று உயிரொலியையே மாற்றும். அக்கோட்டைக் கம்பியின் சாயலென்று கணனி துடைத்துவிடின், ஒரு பெயரே மாறிவிடும். படமோ மாசற்று விளங்கும். மாசுள்ள படம் ஐயத்தை எழுப்பும். மாசு துடைத்த படம் ஐயத்தையும் உடன் துடைத்துவிடும்.

எனின், இந்நுட்பத்தை விலக்க வேண்டுமோ? வேண்டுவதில்லை. அறிவின் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்குவது சைவ சித்தாந்த மரபு. கருதல் இழிந்ததன்று, புகைகண்டு நெருப்பை உணர்வது அதனாலேயே. ஆனால் புகையைக் கண்டவன் நெருப்பைக் கண்டேன் என்பானாயின் அது பொய்ச்சான்றாகும். இங்கும் குற்றம் தெறிப்பை நீக்கியதில் இல்லை. நீக்கியதை மறைப்பதிலேயே உள்ளது. மூலப்படத்தைப் பேணுதலும், திருத்திய படத்தை அதனருகே வைத்தலும், திருத்திய முறையைக் கூறுதலும் ஆய்வாளனின் கடன்களாம். கண்டதைக் கண்டதாகவும் கருதியதைக் கருதியதாகவும் உரைப்பதே வாய்மை.